கேட்டுத்தான் பதிந்தவர்

கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியிடம் நான் தட்டச்சு செய்த நாட்களில் அவர் வந்தார். புளியங்குளத்து வயல்காரர். போனை மேசையில் வைக்குமுன் சட்டை நுனியால் அதைத் துடைப்பார்.

விவாகரத்தான மனைவியோடு கதைத்ததையெல்லாம் போனில் பதிந்து வைத்திருந்தார். ஞாயிறுகளில் மகளைத் தன்னிடம் அனுப்ப மனைவி சம்மதித்ததற்கு அதுதான் சாட்சியாம். வழக்குக்கு அந்தப் பேச்சை எழுதித் தரவேண்டுமாம்.

"கேட்டுத்தான் பதிஞ்சனீங்களோ, அண்ணை?"

"ஓம் தங்கச்சி. ஒவ்வொரு நாளும் வயலுக்குப் போக முதல் போட்டுக் கேக்கிறனான்."

பதிவைக் கேட்பதையல்ல, மனைவியிடம் அனுமதி கேட்டதைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று விளக்கினேன். அவர் முகம் கறுத்துப்போனது. அங்கேயே அழைப்பெடுத்தார். ஸ்பீக்கரில் போட்டதையும் அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

"உம்மைக் கேக்காமல் உம்மட கதையைப் பதிஞ்சுபோட்டன்."

"கூட இருக்கேக்கை நான் சொன்ன ஒண்டையும் நீங்கள் கேக்கேல்லை. இப்ப என்னத்துக்கு? அழிச்சுப்போடுங்கோ."

ஒவ்வொன்றாக அழித்தார். கடைசி ஒன்றில் விரல் நின்றது.

"இதில வழக்குக்கு ஒண்டுமில்லை, தங்கச்சி. மழை வருது, நெல்லை மூடுங்கோ எண்டு மட்டும்தான் சொல்லுறா."

நான் தட்டச்சுப்பொறிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தக் கடைசிப் பதிவை அழித்தாரா என்று நான் கேட்கவில்லை.