ஒரு ராணி ஐந்து தடவை செத்த கதை

பாட்டுக் கேட்பது சுகமான வேலை என்று சொல்கிறவர்கள், ஒரே பாட்டை ஐந்து பேர் பாடக் கேட்டு, அதில் எது உசத்தி என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துப் பார்த்ததில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் படம் பார்க்கிறோம், கண்ணை மூடியிருந்தால் தூங்குகிறோம் என்று நம் வீட்டார் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். என் வேலையோ கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவள். கல்யாணமாகி விருத்தாசலம் வந்த பிறகு அந்தப் பிரெஞ்சு பீரோவில் பட்டுப்புடவையோடு மடித்துக் கிடந்தது. போன வருஷம் புதுச்சேரிக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. ஓபரா என்று, பேச்சே இல்லாமல் முழுக்கப் பாடியே நடத்தும் நாடகங்கள் உண்டல்லவா, அவற்றின் பதிவுகளைக் கேட்டு ஒப்பிட்டு எழுத வேண்டும். மூன்று கட்டுரை பார்ப்போம், பிடித்தால் வேலை நிரந்தரம் என்றார்கள். நான் சந்தோஷத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அண்ணி கேட்ட கேள்வி

என் வீட்டுக்காரரின் அக்கா வேப்பூரிலிருந்து வந்திருந்தார். சமையல்கட்டில் நின்றபடி என் வேலையைப் பற்றி விசாரித்தார். ஒரே நாடகத்தை ஐந்து கம்பெனிகள் ஐந்து காலத்தில் பதிவு செய்திருக்கின்றன, கதையும் ஒன்று, பாட்டும் ஒன்று, பாடுகிறவர்கள்தான் வேறு, எது நன்றாயிருக்கிறது என்று நான் எழுத வேண்டும் என்று விளக்கினேன். அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "அஞ்சும் ஒரே பாட்டுன்னா, ஒன்ன கேட்டுட்டு அஞ்சுக்கும் எழுதிட வேண்டியதுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் முதல் இரண்டு கட்டுரைகளை நான் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருந்தேன். பெரியவர்கள் எதைப் புகழ்ந்திருக்கிறார்களோ அதையே நானும் புகழ்ந்து, வார்த்தையை மட்டும் மாற்றிப் போட்டு அனுப்பினேன். இரண்டும் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதும் திரும்பினால் பிரெஞ்சு மறுபடி பீரோவுக்குப் போக வேண்டியதுதான். மேலாளர் போனில் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "இதுல ஊர்ல உள்ள எல்லாருடைய காதும் இருக்குது மேடம், உங்க காது எங்க?" என்றார்.

துக்கத்துக்கு வந்தவர்கள்

மூன்றாவதாக வந்தது ஒரு பெரிய புராண நாடகம், கதை கிரேக்கம், பாட்டு பிரெஞ்சு. ராஜாவுக்குச் சாவு நெருங்குகிறது. அவனுக்குப் பதிலாக வேறு யாராவது போனால் விட்டுவிடுகிறேன் என்று தெய்வம் சொல்கிறது. பெற்றவர்களே பின்வாங்குகிறார்கள். ராணி போகிறாள். அவள் சாகிற இடம் மட்டும் பத்து நிமிஷம். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு பதிவும் ஜெயிக்கும் அல்லது தோற்கும். அன்றைக்கென்று என் ஹெட்போனில் ஒரு காது செத்துப் போயிருந்ததால், வீட்டுக்காரரின் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

எங்கள் வீட்டை ஒட்டிப் பீங்கான் சாமான் செய்யும் ஒரு செராமிக் பட்டறை. அங்கே வேலை செய்யும் அஞ்சலை அக்காவும் மேரியும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ராணியின் குரலைக் கேட்டிருக்கிறார்கள். என் மாமியார் மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டால் யார் என்ன என்று விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. அஞ்சலை அக்கா கொண்டையை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்து, என்னைக் கட்டிப் பிடித்து, என் மாமியாரின் கைராசி, மாடு கன்று, நம்ம பக்கத்து மங்களூரில் அவர் பிறந்த வீட்டுப் பெருமை என்று வரிசையாகச் சொல்லி ஒப்பாரி வைத்தார். மேரி சுவரில் சாய்ந்து விசும்பினாள். ஸ்பீக்கரில் ராணியும் விடவில்லை. நான் வாயைத் திறக்க இடமே கிடைக்கவில்லை.

சத்தத்தில் என் மாமியார் எழுந்து, போர்வையோடு வாசல்வரை வந்து, கடைசிவரை நின்று கேட்டார். முகத்தில் கோபமே இல்லை. "எல்லாஞ் சொன்னியே அஞ்சல, ரெண்டு பொண்ண நல்ல எடத்துல கட்டிக்குடுத்தத வுட்டுட்டியே."

ராஜா என்ன செய்துகொண்டிருந்தான்

டீ போட்டுக் கொடுத்தேன். அழுத கண்ணோடு டீ குடித்துக்கொண்டே இருவரும் கதையைக் கேட்டார்கள். பிரெஞ்சு தெரியாதவர்களுக்குக் கதை சொல்வது கஷ்டமில்லை. கதையில் கேள்வி கேட்பவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம். "அவ சாவுறப்ப அந்த ராஜா என்னா பண்ணிக்கிட்டு இருந்தான்?" என்றாள் மேரி. பாடிக்கொண்டிருந்தான் என்றேன். "அவ்ளோதானா?" என்றாள். நாலரை மணி நேர நாடகத்தில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். அதே பட்டறையில் சூளையைப் பார்த்துக்கொள்பவர். மேரி விடுவாளா? "ஏங்ண்ணா, அக்காவுக்குப் பதிலா நீங்க போவீங்களா?" என்றாள். அவர் தட்டைப் பார்த்தபடி யோசித்து, "போவலாம். ஆனா நான் போயிட்டா சூளைய யாரு பாத்துக்குவா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். இந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை என்பதை அவர் அறிவார்.

அஞ்சலை அக்கா மட்டும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றார். அவருடைய வீட்டுக்காரர்தான் முன்பு அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர். நெஞ்சில் தூசி சேர்ந்து அவர் வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து, அவருடைய மேசையில் இவர். "இதுல என்னாம்மா அதிசயம்? எங்க வூட்டுக்காரரு எடத்துல நான் ஆறு வருசமா உக்காந்திருக்கேன். எனக்கு யாரு பாடுனா?"

தட்டிப் பார்த்தார்கள்

அந்த மேசையில் என்ன வேலை என்று சொல்ல வேண்டும். சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். நல்லது 'டிங்' என்று நீளமாகப் பேசும். விரிசல் விட்டது 'டொக்' என்று நின்றுவிடும். சில சமயம் சுடுவதற்கு முன்பே விரிந்ததை மண் குழைத்து ஒட்டி, மேலே பளபளப்புக்குக் கிளேஸ் பூசிச் சுட்டுவிடுவார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதுக்குத் தெரியும். அஞ்சலை அக்கா நாளெல்லாம் இதைத்தான் கேட்கிறார்.

மறுநாள் மதியம் இருவரும் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தார்கள். நான் கூப்பிடவில்லை. ராணி மற்ற நாலு தடவை எப்படிச் சாகிறாள் என்று பார்க்க வந்தார்களாம். சரி என்று முதலிலிருந்தே போட்டேன். முதல் ராணிக்கு, "நல்லாத்தான் பாடுறா, ஆனா சாவுறவளுக்கு இவ்ளோ தெம்பு ஏது?" என்றார் அஞ்சலை அக்கா. இரண்டாவது ராணி மூச்சு வாங்கினாள், உடனே தள்ளுபடி. மூன்றாவதில் வாத்தியக்காரர்கள் விரட்டு விரட்டென்று விரட்டினார்கள். "இவளுக்கு வேப்பூர் பஸ்ஸ புடிக்கணும் போலக்குது" என்றாள் மேரி.

நான்காவது பழைய பதிவு. மேடையில் நடக்கும்போதே எடுத்தது. கொரகொர என்று இரைச்சல், நடுவில் யாரோ இருமுகிறார்கள். விமர்சகர்கள் யாரும் அதைச் சீண்டியதில்லை, நானும் இரண்டே வரியில் முடித்துவிட எண்ணியிருந்தேன். ராணி முடித்த பிறகு கைதட்டல் இல்லை. இருமினவர்கூட இருமவில்லை. மேரி கையில் இருந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

ஐந்தாவதுதான் உலகமே கொண்டாடும் பதிவு. பெரிய பாடகி, பெரிய கம்பெனி, சுத்தமான சத்தம். பாதியில் அஞ்சலை அக்கா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பின்னால் போய் மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை கேட்டார். "இதுவரைக்கும் பெரிய கூடத்துல நின்னு அழுதா, இங்கேருந்து சின்ன ரூம்புல நிக்கிறா. ஒட்டியிருக்குது பாரு. மேல நல்லா பூசிட்டாங்க."

வெள்ளிக்கிழமை

அவர்கள் போன பிறகு அந்த இடத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. பிடிபட்ட பிறகு அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வேறு நாளில் பாடியதை நடுவில் சேர்த்திருக்கிறார்கள்.

எனக்குப் பயம் வந்தது. ஒப்புக்கொள்கிறேன். கையில் மிச்சமிருந்த ஒரே வாய்ப்பு. அதில் போய், எல்லாரும் கொண்டாடுகிற பதிவில் ஒட்டு இருக்கிறது, யாரும் சீண்டாத இரைச்சல் பதிவுதான் முழுசு என்று எழுதினால் யார் நம்புவார்கள்? ஐந்தாவதையே புகழ்ந்து ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். வாசித்துப் பார்த்தால் அதில் மறுபடி ஊரில் உள்ள எல்லாருடைய காதும் இருந்தது. அழித்தேன். தெம்பாகச் சாகும் ராணி, மூச்சு வாங்கும் ராணி, பஸ் பிடிக்கும் ராணி, இருமலையே நிறுத்திய ராணி, சின்ன அறைக்குள் போன ராணி என்று கேட்டது கேட்டபடி எழுதினேன். கேட்டுச் சொன்னவர்கள் அஞ்சலை, மேரி என்று கடைசியில் பெயரும் போட்டு அனுப்பினேன்.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். அஞ்சலை, மேரி யார், எங்கே சங்கீதம் படித்தவர்கள் என்று கேட்டார். பக்கத்துப் பட்டறையில் பியூஸ் கட்டை தட்டிப் பார்ப்பவர்கள் என்றேன். "அந்தப் பதிவ இருபது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன் மேடம். நேத்துதான் அந்த ஒட்டு என் காதுல விழுந்தது. இனிமே அத எப்படி நிம்மதியா கேக்கறது?" என்றார். பிறகுதான், அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரம் என்ற விஷயத்தைச் சொன்னார்.

மறைத்த விஷயம்

அன்று மதியம் இருவருக்கும் கேசரி கிண்டி வைத்திருந்தேன். வேலை கிடைத்துவிட்டது, உங்களால்தான் என்றேன். அஞ்சலை அக்கா என் தோளைத் தட்டினார். அதுவும் 'டிங்' என்று கேட்கிறதா என்று பார்த்த மாதிரிதான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், அதுவரை மறைத்து வைத்திருந்த விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அந்த நாடகம் ராணி சாவதோடு முடியவில்லை. கடைசி அங்கத்தில் ஒரு பலசாலி பாதாளத்துக்கே போய், எமனோடு மல்லுக்கட்டி, அவளை உயிரோடு கூட்டி வந்துவிடுகிறான். ஐந்து பதிவிலும் அப்படித்தான். முன்பே சொன்னால் அழுகையில் சுரத்து குறைந்துவிடுமோ என்று சொல்லாமல் இருந்தேன்.

மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவ திரும்பி வருவான்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நான் பாட்டுக்கு நிம்மதியா சாப்ட்டிருப்பேனே. எங்க வூட்டுக்காரர்கிட்ட வேற சொல்லி, அவரும் ராத்திரி சாப்புடல."

ஆக, ஐந்து ராணிகள் அடுத்தடுத்துச் செத்துக் கொடுத்ததில் என் வேலை பிழைத்துக்கொண்டது.