அத்தை வராத கல்யாணம்

அந்தக் காற்றாடிக்கு முன்னால் அத்தையை நான்தான் உட்கார வைத்தேன். என் மகள் கல்யாணம். ஈப்போவில் பெரிய மண்டபம் பிடித்தும் எனக்குத் திருப்தி இல்லை. தண்ணீரைப் புகைபோலத் தூவும் பெரிய மின்சாரக் காற்றாடிகளையும் வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்தினேன். தெலுக் இந்தானிலிருந்து வெயிலில் வந்திறங்கிய அத்தை, "அடேயப்பா, கேமரன் மலை மாதிரி குளுகுளுன்னுல்ல இருக்கு!" என்று முகத்தை நீட்டிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாடகைக்காரர் வேறு, "எல்லா சனிக்கிழமையும் இதுக்கு புக்கிங்லா, அண்ணே" என்றார்.

அடுத்த வாரமே அத்தைக்கு நிமோனியா. தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்தபடி நான் பக்கத்தில் இருந்தபோது சுகாதார இலாகாவிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்தார். தேங்கிய தண்ணீரில் வளரும் கிருமியாம். அந்தத் தண்ணீர் சாரலாகப் பறந்தால் மூச்சோடு உள்ளே போய்விடுமாம். ஊர் ஊராக ஆஸ்பத்திரிகள் அனுப்பிய தகவலைச் சேர்த்துப் பார்த்ததில், இதே கிருமியோடு லகாட்டில் ஒருவர், தஞ்சோங் ரம்புத்தானில் ஒருவர், இங்கே அத்தை. மூவரும் போன பொதுவான இடம்தான் கிடைக்கவில்லை.

"ரெண்டு வாரத்துல எங்கயாச்சும் போனீங்களாம்மா? ஹோட்டல், கல்யாணம்?"

"எங்கம்மா போறது? வீட்டுலதான் கிடந்தேன்" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமலே.

"மத்த ரெண்டு பேரும் இதையேதான் சொல்றாங்க."

எனக்குப் பிடிபட்டுவிட்டது. லகாட்டில் காய்ச்சலாகப் படுத்திருந்தவர் என் சித்தப்பா. தஞ்சோங் ரம்புத்தானில் என் மச்சான். பேசிவைத்துக்கொண்டார்களோ என்னவோ, கல்யாண வீட்டுக்காரன் பேர் கெடக்கூடாது என்று மூவரும் மூச்சுக்குத் தவித்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதுதான். சீ, என்ன பிறவி நான்! வருகிற சனிக்கிழமை அந்தக் காற்றாடிகள் இன்னொருவர் வீட்டுக் கல்யாண வாசலில் நிற்கும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"அத்தை வந்தாங்க, மேடம். என் மக கல்யாணத்துக்கு" என்றேன்.

அத்தை என் கையை உதறினார். "வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்கமாட்டியாடா?"

காற்றாடிகளை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். தொட்டித் தண்ணீரில் கிருமி இருந்தது. மூவரும் பிழைத்தார்கள், ஆனால் அத்தையால் இன்றுவரை மாடிப்படி ஏற முடியவில்லை. போன மாதம் ஒரு விசேஷத்தில் யாரோ அவரிடம் என் மகள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நான் தலை குனிந்துகொண்டேன். அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடியே சொன்னார்: "ஒரு குறையும் இல்லலா. எங்கள ராஜா மாதிரி கவனிச்சான்."