நாசர் பாய் டீயில் கொஞ்சம் வெயில்

கோவில்பட்டி வெயிலோடு தனியாளாகப் போர் நடத்திவருபவர் அப்துல் நாசர். குடை, தார்ப்பாய், பச்சை வலை எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். எட்டயபுரம் வரை பாதிச் சனம் அவர் விற்ற நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறது. அவரோ விடிந்ததும் கடைக்குள் போனால் இருட்டித்தான் வெளியே வருவார்.

அப்பேர்ப்பட்ட மாவீரரை முழங்கால் காட்டிக்கொடுத்தது. பள்ளிவாசலில் தரையில் நெற்றி பதித்துத் தொழுதவர், ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போக வேண்டியதாயிற்று. வலியைவிட அந்த நாற்காலிதான் அவரை அதிகம் குத்தியது. மறுபடி வரிசையில் தரையில் உட்கார வேண்டும். வேறு ஆசையே இல்லை.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் பிரியதர்ஷினி, "வைட்டமின் டி ரொம்பக் குறைவு. உங்க உடம்புல வெயிலே படல பாய்," என்றார்.

"கோவில்பட்டிக்காரனப் பாத்து இப்படிச் சொல்லிட்டீங்களே," என்றார் நாசர், மானம் போன குரலில்.

டாக்டர் மாத்திரை எழுதினார். ஏறிய சத்து இறங்காமலிருக்கக் காலை வெயிலும், டி சேர்த்த எண்ணெயும் பாலும் வேண்டும் என்றார். எண்ணெயை மனைவி ரசியா அன்றே மாற்றினாள். பாலில்தான் தகராறு.

"வெறும் பாலு பூனை குடிக்கது," என்றார் நாசர்.

"அப்பம் டீயில ஊத்தச் சொல்லுங்க. நாள் பூரா அதத்தான குடிக்கீங்க."

எதிர் டீக்கடை செண்பகராஜிடம் வழக்கு போனது. சத்துப் பாலில் மருந்து வாடை அடிக்கும் என்று நாசர் வாதாடினார். செண்பகராஜ் ஒன்றில் மட்டும் சத்துப் பால் ஊற்றி இரண்டு கிளாஸ் டீயை முன்னால் வைத்தான். தெருவே கூடி நின்றது. நாசர் கண்ணை மூடி இரண்டையும் உறிஞ்சி, ஒன்றைத் தள்ளினார்.

"இதான். ஒரே மருந்து வாடை."

"அது தெனம் நீங்க குடிக்கிற டீ, பாய்."

அன்றிலிருந்து பாக்கெட்டில் டி என்று அச்சடித்திருப்பதை நாசர் வாசித்த பிறகே பால் கொதித்தது. காலையில் கடை வாசலில் தலையில் துணிகூட இல்லாமல் நின்றார்.

"குடையெல்லாம் வித்துப்போச்சா பாய்?" என்று தெருக்காரர்கள் கேட்டபடி போனார்கள்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, நாற்காலியைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றார். நெற்றி தரையைத் தொட்டது. எழும்போது மட்டும் பக்கத்தில் நின்ற செய்யது அலியின் தோளைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

"ஓய், தோளப் புடிச்சீரே," என்றார் செய்யது அலி, வெளியே வந்ததும்.

"அடுத்த வாரம் புடிக்க மாட்டேன். அது கெடக்கட்டும், எந்திரிக்கையில உம்ம முட்டிதான் சத்தம் போட்டுச்சு. டாக்டரப் பாரும். இப்பம் வாரும், ஒரு டீ குடிப்போம்."