டச் பார்த்த சங்கிலி

அப்பா கட்டப்பனைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இரண்டு தீபாவளி கடந்திருந்தது. ஆள் வரவில்லை. தெரிந்தவர் கையில் அம்மாவுக்கு ஒரு சங்கிலி மட்டும் வந்தது. பெரியம்மா அதை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "கவரிங்கா இருக்கும்டி. அங்கன வேற குடும்பம் இருக்குன்னு ஊரே பேசுது. ஒனக்குத் தங்கமா அனுப்பப் போறாரு?" என்றாள்.

 சனிக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சின்னமனூரில் பஸ் ஏறி, தேனியில் நகைக்கு டச் பார்க்கிற, அதாவது தங்கத்தின் தரம் சோதிக்கிற கடைக்குப் போனாள். சங்கிலி தங்கமாக இருந்துவிட்டால் அப்பா எங்களை மறக்கவில்லை என்று அர்த்தம். எட்டு வயதான எனக்கே அது புரிந்திருந்தது.

கடைக்காரர் ஒரு பெட்டிக்குள் சங்கிலியை வைத்து மூடினார். எக்ஸ்ரே என்றார். கை உடைந்தவர்களுக்குத்தான் எக்ஸ்ரே எடுப்பார்கள் என்று நினைத்திருந்த நான், சங்கிலியின் எலும்பைப் பார்க்கக் காத்திருந்தேன். கம்ப்யூட்டரில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடுதான் ஓடியது.

"எக்ஸ்ரே பட்டா ஒவ்வொரு உலோகமும் தனக்குன்னு ஒரு கதிரத் திருப்பி விடும் பாப்பா. அத வச்சு மெஷின் பேரச் சொல்லிரும்" என்றார். பெரிய மேடு தங்கம், பக்கத்துக் குட்டி மேடு செம்பு. அம்மா சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

கடைக்காரர் நேர்மையானவர், அதுதான் வினை. "மெஷின் மேலாப்புலதேன் பாக்கும் தாயி. முலாம் கெட்டியா இருந்தா ஏமாந்துரும். கொக்கிகிட்ட லேசா அராவிட்டு இன்னொருக்கா வச்சா உள்ள இருக்கிறது தெரிஞ்சுபோகும்" என்று அரத்தை எடுத்தார்.

அம்மா சங்கிலியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "வேணாம்ண்ணே. பாத்தவரைக்கும் போதும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பாதியில் திரும்புவதா? பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வாசலிலேயே பெரியம்மா நின்றாள். "தங்கந்தேன்க்கா. மெஷின்ல பாத்துச் சொன்னாக" என்றாள் அம்மா.

நான் சும்மா இருப்பேனா? "அராவிப் பாக்கணும்னு சொன்னாக பெரியம்மா. அம்மாதேன் வேணாம்னுருச்சு."

பெரியம்மா அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு வாசலை விட்டு விலகி வழிவிட்டாள்.  அம்மா என்னைத் திட்டாமல் உள்ளே போய் உலை வைத்தாள். ஒரு பொய்யைத் திருத்திவிட்ட பெருமையோடு நான் விளையாடப் போனேன். அந்த வீட்டில் அம்மாவின் பக்கம் நிற்க இருந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.