நடீன் ஃபர்பியின் இடது கன்னம்

இருபத்திரண்டு வருஷம் ஃபேர்மாண்ட் நகரத்தில் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவள் நடீன் ஃபர்பி. செயற்கை ஈறுக்கு நிறம் தீட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. முதலாளி பட்டறையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று கணவன் கார்லண்டிடம் புலம்பிக்கொண்டிருந்தவள் ஒரு விளம்பரத்தைப் பார்த்தாள். அச்சு எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், சிலிக்கான் பழக்கம் வேண்டும், கை நடுங்கக் கூடாது. மூன்றும் அவளிடம் இருந்தன.

பிரிட்ஜ்போர்ட் சாலையில், டயர் கடைக்குப் பின்னால் இருந்த தாழ்வான கட்டடம் அது. மேலாளர் கர்டிஸ் யோஹோ முன்பு ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸ் வேலை பார்த்தவர். நேர்காணலில் அவர் சுற்றி வளைக்கவில்லை.

“மூஞ்சியப் பாத்து கதவு திறக்குது, ஃபோன் திறக்குது, பென்ஷன் ஆபீஸ்ல உன் கணக்கு திறக்குது. அந்த சாஃப்ட்வேரைச் செய்யற கம்பெனிங்க நம்மகிட்ட அனுப்புவாங்க. நாம அதை ஏமாத்திப் பாக்கணும். ஏமாந்துச்சுன்னா ஃபெயில்.”

“அப்போ ஏமாத்தறதுதான் என் வேலையா?”

“ஆமா. ஆனா யோக்கியமா ஏமாத்தணும். எப்படி ஏமாத்தினேன்னு ஒண்ணு விடாம எழுதி வைக்கணும்.”

முதல் வருஷம் அச்சடித்த புகைப்படங்களை நீட்டினாள். ஃபோன் திரையில் ஓடும் வீடியோவைக் காட்டினாள். காகிதத்தில் முகத்தை அச்சிட்டு, கண்ணுக்கு ஓட்டை போட்டு, தன் முகத்தில் வைத்துக்கொண்டு அந்த ஓட்டைகள் வழியாகக் கண் சிமிட்டினாள். மட்டமான மென்பொருள்கள் அதற்கே ஏமாந்தன. கெட்டிக்கார மென்பொருள்கள் காகிதத்தின் தட்டையையும் திரையின் மினுக்கத்தையும் கண்டுபிடித்துவிட்டன. அவற்றுக்குத்தான் நடீனின் சிலிக்கான் முகமூடிகள் வந்தன. மூன்று வாரம் உட்கார்ந்து கர்டிஸின் முகத்தைச் செய்து அவள் மாட்டிக்கொண்டபோது, அவருடைய ஃபோன் மறுபேச்சில்லாமல் திறந்துகொண்டது.

“முப்பது வருஷமா கூட வாழறா, என் பொண்டாட்டி இவ்வளவு உன்னிப்பா என்னைப் பாத்ததில்ல” என்றார் கர்டிஸ்.

நாலாவது வருஷம் ஒரு மென்பொருள் வந்தது. வயதானவர்களும் உடம்பு முடியாதவர்களும் உதவித்தொகைக்காக ஆபீஸ் ஆபீஸாக அலையாமல், வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதற்காகச் செய்தது. அது ‘சிரியுங்கள்’ என்று சொல்லும், ‘கண்ணை மூடித் திறங்கள்’ என்று சொல்லும். ஆள் சிரிக்கும்போது இரண்டு கன்னமும் சேர்ந்து ஏறுகிறதா, கண்ணோரத்தில் சுருக்கம் விழுகிறதா என்று பார்க்கும். சிலிக்கான் அப்படிச் சுருங்காது. இரண்டு மாதம் நடீன் தலைகீழாக நின்று பார்த்தாள். மெல்லிய முகமூடி, அதைவிட மெல்லிய முகமூடி, கன்னத்தில் மட்டும் ஒட்டுகிற துண்டு. ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு அதன்மேல் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நடீன் காபி குடிக்கும்போது வாயோரமாக வழிந்து சட்டையில் சிந்தியது. கார்லண்ட் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான்.

“நடீன், என்னைப் பாரு. சிரி பாக்கலாம்.”

“காலங்காத்தால என்ன விளையாட்டு?”

“சிரிடீ.”

சிரித்தாள். வலது பக்கம் மட்டும் சிரித்தது. கார்லண்ட் அடுப்பை அணைத்தானோ இல்லையோ, வீட்டுச் செருப்போடு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

பக்கவாதமாக இருக்குமோ என்று வழியெல்லாம் இருவரும் பயந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைப் புருவத்தை உயர்த்தச் சொன்னார். நெற்றியின் இடது பாதியும் அசையவில்லை. பக்கவாதமென்றால் நெற்றி பெரும்பாலும் அசையும் என்று சொல்லி, மற்ற சோதனைகளும் செய்துவிட்டு, பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரையில் பெரும்பாலும் சரியாகிவிடும், சில மாதங்கள் ஆகலாம் என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். மூடாத இடது இமையைப் படுக்கும்போது பிளாஸ்திரி போட்டு ஒட்டச் சொன்னார். அன்று முதல் அந்த வேலையைக் கார்லண்ட் எடுத்துக்கொண்டான். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்த முரட்டுக் கை, ஒரு இமைமுடிகூட மடங்காமல் ஒட்டியது.

அடுத்த வாரம் கழுத்துத் துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கர்டிஸ் அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை, பார்க்காமலும் இருக்கவில்லை.

“ஒரு கண்ணு மூடவே மூடாதாமே. இனிமே மீட்டிங்ல நான் தூங்க முடியாதுன்னு சொல்லு” என்றார். ஒரு வாரத்தில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதி முகத்தில்.

போலிகளைத் தடுத்தால் மட்டும் போதாது. உயிருள்ள ஆளை உள்ளே விடுகிறதா என்றும் சோதிக்க வேண்டும். அதற்கு அலுவலகத்து ஆட்களும், பணம் கொடுத்து வரவழைக்கும் உள்ளூர்க்காரர்களும் கேமரா முன்னால் உட்காருவார்கள். நடீன் பதினான்காவது ஆள். சிரிக்கச் சொன்னது, சிரித்தாள். கண்ணை மூடச் சொன்னது, ஒன்றை மூடினாள். சிவப்பு எழுத்து வந்தது: ‘உயிருள்ள நபர் காணப்படவில்லை.’ மறுபடி உட்கார்ந்தாள், மறுபடியும் அதே. மூன்றாவது தடவைக்குப் பிறகு, போலி முயற்சி என்று முடிவு கட்டி அவள் கணக்கைப் பூட்டிவிட்டது.

நடீன் எழுந்து கழிவறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். இடது கண்ணில் பத்து நாளாகவே தண்ணீர் வடிந்துகொண்டுதான் இருந்தது. அழுகிறோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கர்டிஸ் வெளியே காத்திருந்தார்.

“இங்க பாரு நடீன். உனக்கு உடம்பு சரியில்ல. உன்னை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு வேற ஆளப் போடலாம். விதிப்படி தப்பு இல்ல.”

“வேண்டாம் கர்டிஸ். எழுதுங்க. பதினாலாவது ஆளு உயிரோட இருக்கா, மிஷின் இல்லேங்குதுன்னு எழுதுங்க.”

எழுதினார். இரண்டு நாளில் மென்பொருள் கம்பெனியின் பொறியாளர் ஹாலி பிராண்ட் நடீனை ஃபோனில் கூப்பிட்டாள். கறாரான, நாகரிகமான குரல்.

“உங்க நிலைமைக்கு வருத்தப்படறேங்க. ஆனா இது விதிவிலக்கு இல்லீங்களா? சோதனைக்கு வந்த முந்நூறு பேர்ல ஒருத்தர்.”

“இருக்கலாம்மா. ஆனா இந்த உதவித்தொகைக்கு அதிகமா வரப்போறது யாரு? உடம்பு முடியாதவங்கதானே?”

பரிசீலிக்கிறோம் என்று சொல்லி ஹாலி ஃபோனை வைத்துவிட்டாள்.

முகப் பயிற்சிக்காக நடீன் புதன்தோறும் ஒரு சிகிச்சைக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதுவரை அங்கே யார் முகத்தையும் அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்ற எண்ணம்தான். அந்தப் புதன்கிழமை பார்த்தாள். பக்கவாதம் வந்த ஆசிரியை இருந்தார். பிறந்ததிலிருந்தே முகம் அசையாத ஒரு பெண் இருந்தாள். மூலையில், சுரங்கத் தீயில் முகமும் ஒரு காதும் போன எஸ்ரா டென்னன்ட், பயிற்சிக்காகக் கையை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். நடீன் எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னாள். வந்து கேமரா முன்னால் உட்கார முடியுமா என்று கேட்டாள்.

எஸ்ராதான் முதலில் பேசினார். “என் மூஞ்சியப் பாத்து குழந்தைங்க ஓடியிருக்கு, நாய் குரைச்சிருக்கு. நான் ஆளே இல்லேன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல தங்கச்சி. வர்றேன். நேர்ல கேட்டுட்டு வந்துடறேன்.”

பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தாள். சனிக்கிழமை இருபத்துமூன்று பேர் வந்தார்கள். ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் தன் அத்தையைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பேர் நூறு மைல் தள்ளியிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒரு பெரிய பெட்டி நிறைய, இறைச்சி அடைத்த பெப்பரோனி ரோல் ரொட்டிகள் கொண்டுவந்திருந்தார்கள். ஹாலி பிராண்டும் கம்பெனி இருக்கும் கொலம்பஸ் நகரத்திலிருந்து வந்திருந்தாள். குரலை வைத்து நடீன் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண்.

எஸ்ரா உட்கார்ந்தார். ‘சிரியுங்கள்’ என்றது திரை.

“சிரிச்சிட்டுதான் இருக்கேன். இதுக்கு மேல தோலு இழுக்காது.”

‘உயிருள்ள நபர் காணப்படவில்லை.’

“அப்போ இவ்வளவு நேரம் ரோல் தின்னது யாரு?” என்றார் எஸ்ரா. அறை முழுவதும் சிரித்தது. முகம் அசையாத பெண் தோள் குலுங்கச் சிரித்தாள்.

ஹாலி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ஐயா, இன்னொரு தடவை செய்யறீங்களா? உங்க முகத்துல என்ன அசையுதுன்னு நான் பாக்கணும்” என்றாள். அன்று முழுக்க ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, அவர்களுக்கு எது முடியும், எது முடியாது என்று குறித்துக்கொண்டாள். இருபத்துமூன்று பேரில் பதினெட்டுப் பேரை மென்பொருள் ஆளில்லை என்று தள்ளியிருந்தது. மாலையில் கர்டிஸிடம், “அறிக்கையை நிறுத்தி வைங்க. நாங்க திரும்பி வர்றோம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலையில் திரும்பி வந்தார்கள். இப்போது அது சிரிக்க மட்டும் சொல்லவில்லை. சிரிக்க முடியாதவர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுக்கலாம். திரை பல நிறங்களில் ஒளிரும், அந்த ஒளி தோலில் எப்படிப் படிகிறது என்று பார்க்கும். ஃபோனை முகத்தருகே கொண்டுவந்து விலக்கச் சொல்லும். எஸ்ராவை முதல் தடவையிலேயே உள்ளே விட்டது.

ஆனால் நான்காம் நாள் நடீனின் முகமூடி ஒன்றும் அதே வழியில் உள்ளே போய்விட்டது.

வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். திரையில் பச்சை எழுத்தைப் பார்த்ததும் நடீன் எடுத்த பையைத் திரும்ப மேஜையில் வைத்தாள். எழுதினால் ஹாலி அந்த இரண்டாவது வழியையே அடைத்துவிடலாம். எழுதாவிட்டால், நாளைக்கு எவனாவது எஸ்ராவின் முகத்தை அச்செடுத்து அவருடைய உதவித்தொகையைச் சுருட்டிக்கொள்வான். எழுதினாள். எந்தச் சிலிக்கான், எவ்வளவு கனம், என்ன சாயம் என்று ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பிவிட்டு, ஹாலியைக் கூப்பிட்டாள்.

“இந்த வழியைக் கேட்டதே நீங்கதானே” என்றாள் ஹாலி. களைத்துப்போன குரல்.

“நான்தாம்மா கேட்டேன். அதை உடைச்சதும் நான்தான். அடைச்சுடாதம்மா. இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பாரு. இந்த முகமூடியையே அனுப்பறேன், பக்கத்துல வச்சுக்கிட்டு வேலை செய்.”

“அனுப்புங்க” என்றாள் ஹாலி.

ஆறு வாரம் ஆனது. முகமூடி இரண்டு தடவை கொலம்பஸ் போய் வந்தது. கடைசிச் சோதனையில் ஒரு போலிகூட உள்ளே போகவில்லை. இருபத்துமூன்று பேரில் இருபத்தொருவரை உள்ளே விட்டது. மீதி இருவரின் கணக்கையும் பூட்டிவிடாமல், பேசுவதற்கு அவர்களை ஒரு மனிதரிடம் இணைத்துவிட்டது. கர்டிஸ் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

நடீனின் முகம் கோடை முடிவதற்குள் திரும்பிவிட்டது. இடது உதட்டோரம் மட்டும், களைத்திருக்கும்போது கொஞ்சம் தொங்கும். கார்லண்டுக்கு மட்டும்தான் அது தெரியும். பயிற்சி போதும் என்று மருத்துவர் சொன்ன பிறகும் ஒரு புதன்கிழமை அவள் அந்தக் கூடத்துக்குப் போனாள். பெரிய சட்டி நிறைய பீன்ஸும், சோள ரொட்டியும் எடுத்துப் போயிருந்தாள்.

“மூஞ்சிதான் நேராயிடுச்சே. இங்க என்ன வேலை?” என்றார் எஸ்ரா.

“உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லத்தான் அண்ணே வந்தேன். நான் ஒருத்தியா இருந்திருந்தா விதிவிலக்குன்னு முடிச்சிருப்பாங்க. நீங்க வந்து உக்காந்ததாலதான்...” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அட, அழாத. நாங்கதான் சொல்லணும்” என்றார் எஸ்ரா. “போன வாரம் வீட்டுல சோபால உக்காந்தபடியே புதுப்பிச்சிட்டேன். பத்து வருஷமா அந்த ஆபீஸ் வரிசையில நின்னு, எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறதைத் தாங்கிட்டிருந்தேன். இனிமே அந்த அலைச்சல் எனக்கு மிச்சம்.”

பக்கவாதம் வந்த ஆசிரியை சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டுகள் எங்கே என்று கேட்டார்.