இரண்டு கைப்பிடி வெள்ளை மணல்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக இந்த ஊரில் பள்ளம் தோண்டித் தண்ணீர்க் குழாய் பதிக்கிறார். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கோணல் மேஸ்திரி என்றால் சின்னக் குழந்தையும் வீட்டைக் காட்டும். அவர் பதித்த குழாய் எதுவும் நேராகப் போனதில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாலு திசைப் பாதையும் வந்து முட்டும் ஊர் இது. உப்பு மூட்டையோடு வந்தவன், குதிரை விற்க வந்தவன், படையெடுத்து வந்தவன் என்று ஒருவன் கட்டியதன் மேல் இன்னொருவன் கட்டிக் குடியிருந்திருக்கிறான். இன்று அதே முக்கில் மினிபஸ் ஹாரன் அடிக்கிறது, செல்போன் உறை விற்கிறார்கள். இரண்டு முழம் தோண்டினால் யாருடைய சுவராவது வந்துவிடும். தொல்பொருள் ஆபீசுக்குத் தகவல் போனால் வருஷக்கணக்கில் வேலை நிற்கும். அதனால் குழாய்க்காரர்களுக்குள் ஒரு வழக்கம். பழசு தட்டுப்பட்டால் உடைக்கக் கூடாது, வெளியே மூச்சுவிடவும் கூடாது. அதன்மேல் இரண்டு கைப்பிடி வெள்ளை மணலைத் தூவி மூடிவிட்டு, குழாயைத் தள்ளிப் பதிக்க வேண்டும். பின்னால் தோண்டுகிறவன் மணலைப் பார்த்தால் கடப்பாரையைக் கீழே வைத்துவிடுவான்.

மனுஷர் நடக்கும்போதே கனவு காண்பார். கடைக்குப் போகும் வழியில் நின்று, "மெதுவா நட, கீழ ஒரு வீட்டோட வாசல் இருக்கு," என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மேல இருக்கிறவளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கீழ இருக்கிறவங்களுக்குக் காவலாக்கும்!"

எங்கள் வீடு மேட்டுச் சந்தின் கடைசி. பொதுக்குழாய் அறுபத்திரண்டு படிக்குக் கீழே. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவரின் பெண்டாட்டி இருபது வருஷம் குடம் சுமந்தேன். முழங்கால் போயே போய்விட்டது. இனிப் படி ஏறக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட, மகள் ஊருக்கு வெளியே தன் அடுக்குமாடியிலேயே எங்களுக்கும் வீடு பார்த்துவிட்டாள்.

"முப்பதாம் தேதி வண்டியோட வரேன். அதுக்குள்ள குழாய் வந்தா இருங்க, இல்லன்னா கிளம்புங்க."

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும்தான் சோறு இறங்கவில்லை. இந்தச் சந்தை விட்டுப் போக எனக்குத் துளியும் மனசில்லை.

ஒருவழியாக எங்கள் சந்துக்குக் குழாய் வந்தது. இருபத்தெட்டாம் தேதி மத்தியானம், எங்கள் வாசலுக்கு ஐந்தடி தூரத்தில் அவர் கடப்பாரை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். ஒன்றின் வாயில் ஒன்று செருகிய சுட்டமண் குழாய்கள், பழங்காலத்தவை. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் எங்கள் சுவர். தள்ளிப் பதிக்க இடமேயில்லை.

"ஒரு வழி இருக்கு," என்று இழுத்தார். "நம்ம அடுக்களைத் தரை வழியா..."

அந்தத் தரையின் நீல ஓடு, இரண்டு வருஷம் துணி தைத்துச் சேர்த்த காசில் நான் போட்டது. பதித்து ஆறு மாசம்கூட ஆகவில்லை.

"என் தரையில கை வச்சீங்க, தெரியும் சேதி! அந்த மண் குழாயை உடைங்க. இல்ல, நான் உடைக்கிறேன்."

கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு, வலித்த காலோடு பள்ளத்தில் இறங்கிவிட்டேன். அவர் தடுக்கவில்லை.

"உடைக்கிறதுக்கு முன்னாடி இதை மட்டும் பாரு," என்று குனிந்து விரலால் மண்ணை வழித்தார்.

மண் குழாயும் நேராகப் போகவில்லை. எங்கள் வாசலருகே சட்டென்று வளைந்தது. வளைவுக்கு உள்ளே, அதைவிடப் பழைய கருங்கல் சுவரின் மூலை. அந்த மூலையின் மேல் வெள்ளை மணல், இன்னும் சுத்தமாக.

"அட, இவனும் ஒரு கோணலா!" என்றேன், அந்தப் பழைய குழாய்க்காரனை.

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் சந்தில் அசையாமல் கிடந்தது. பள்ளத்துக்குள் நாங்கள் இருவர்தான். ஆனாலும் பக்கத்தில் யாரோ இடுப்பில் கைவைத்து நின்று, இவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்ப்பதுபோல் இருந்தது. அவன் வீட்டிலும் குடம் சுமந்த ஒருத்தி இருந்திருப்பாள். அவளும் இப்படித்தான் கத்தியிருப்பாள். முகம் தெரியாத அவள்மேல் எனக்கு அப்படியொரு பாசம் பொங்கியது.

மேலே ஏறி, நேரே அடுக்களைக்குப் போய், முதல் நீல ஓட்டை நானே உடைத்தேன். உடைத்துவிட்டு அழுதேன்.

"அழுறியே?" என்றார் வாசலில் நின்று.

"அழுதா என்ன? மணலைப் போட்டு மூடிட்டு வாங்க. மீதியை நீங்க உடைங்க."

முப்பதாம் தேதி மகள் வண்டியோடு வந்து நின்றாள். அடுக்களைக்குக் குறுக்கே வளைந்து கிடந்த சிமெண்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நல்ல தரையைப் பாழாக்கிட்டாரே அப்பா! இப்படிக் கோணலாவா போடுறது?"

"நான்தான் போடச் சொன்னேன்," என்று குழாயைத் திறந்துவிட்டேன். "வண்டியைத் திருப்பி அனுப்பிட்டுக் கை கழுவு. சாப்பிடலாம்."