பிரிக்காத மெத்தை

பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையில் படுத்தால் ஒரு சத்தம் வரும். மூச்சு விட்டால்கூட முதுகுக்குக் கீழே சரசரக்கும். ஒன்பது மாத வயிற்றோடு அப்படி ஒரு மெத்தையில் ஒரு காலைப்பொழுது முழுக்க நான் படுத்துக் கிடந்தேன். எனக்கு நோய் எதுவும் இல்லை, வலியும் எடுக்கவில்லை. பெரியபாளையத்துக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவே இருந்த ஒரு நர்சிங் கல்லூரியில் அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன். கல்லூரியை ஒட்டி ஆஸ்பத்திரி என்று ஒரு கட்டடம் இருந்தது. அதில் நோயாளிகள் இருந்தால்தான் அங்கீகாரம் கிடைக்கும். ஆனால் யாரும் அங்கே வைத்தியத்துக்குப் போவதில்லை. அதனால் எங்கள் ஊருக்கு வேன் அனுப்பி ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கல்லூரியின் தாளாளரை நினைத்தால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் இருப்பவனிடம் கொஞ்சமாவது கனம் வேண்டும். அதற்கு முன்பு அவர் மணல் லாரிகள் விட்டுக்கொண்டிருந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்ஜின் இல்லாமல் லாரி ஓடாது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் எப்போதாவது ஒரு பிரசவம் நடக்க வேண்டும் என்பது மட்டும் கடைசிவரை அவர் மண்டையில் ஏறவில்லை.

என் தங்கை அங்கேதான் நர்சிங் பட்டம் படித்தாள். பிரசவ வார்டில் வேலை பார்க்க வேண்டும் என்பதற்காகவே சேர்ந்தவள். பேறுகாலப் பாடம் வந்தபோது கல்லூரியில் இருந்தது ஒரு ரப்பர் இடுப்பும் ஒரு ரப்பர் குழந்தையும்தான். வகுப்பு முழுக்க அந்த ஒரே குழந்தையைத்தான் மாறி மாறிப் பிறக்க வைத்தார்கள். நான் உண்டாகியிருந்தபோது, “அக்கா, ஒரே ஒரு வாட்டி தொட்டுப் பாத்துக்கினு வுட்டுட்றேன்கா” என்று கெஞ்சுவாள். எனக்கு எல்லாவற்றுக்கும் கூச்சம். போடி என்று புடவையை இழுத்து மூடிக்கொள்வேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தான் எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். எனக்கும் அன்றுதான் போக வேண்டியிருந்தது. முந்தின நாளே தாளாளர் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். “இன்னாம்மா, அங்க கியூவுல நின்னுக்கினு இன்னாத்த கண்ட? நம்ம ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டரம்மா பாப்பாங்க. பிரியாணி போடறோம்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “அங்கீகாரம் வரலன்னா உன் தங்கச்சிக்குத்தான வருசம் பூடும்?” என்றார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் வேனில் ஏறினேன்.

வார்டில் எங்களை வரிசையாகப் படுக்க வைத்தார்கள். என் பக்கத்துக் கட்டிலில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி. ‘பிரசவமாகி மூன்றாம் நாள்’ என்று அவள் தலைமாட்டில் அட்டை மாட்டியிருந்தார்கள். அவள் பிள்ளைக்கு எட்டு மாதம், இரண்டு பல் முளைத்திருந்தது. சோதனைக்கு வந்த ஆணும் பெண்ணும் உள்ளே நுழைந்ததும் அது எழுந்து உட்கார்ந்து அந்தப் பல்லைக் காட்டியது. தாளாளர் கொஞ்சமும் அசரவில்லை. “நல்ல ஊட்டம் மேடம், நம்ம ஆஸ்பத்திரி சாப்பாடு” என்றார். அவரும் அன்று ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தார்.

சோதனைக்கு வந்த அந்த அம்மா என் கட்டிலருகே நின்றார். நின்றிருந்த மாணவிகளில் என் தங்கையைக் கூப்பிட்டு, “இவங்களப் பரிசோதிச்சுச் சொல்லும்மா” என்றார். யாரைக் கேட்டாலும் ‘எல்லாம் நார்மல்’ என்றே சொல்ல வேண்டும் என்று காலையிலேயே அவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். தங்கை உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். அப்படியும் விரல்கள் சில்லென்றுதான் இருந்தன. அடிவயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். பிறகு விலாவுக்குக் கீழே வந்தாள். அங்கேயே கை நின்றுவிட்டது. புனல் போன்ற குழலை எடுத்துத் தொப்புளுக்குக் கீழே வைத்துக் காது கொடுத்தாள், பிறகு மேலே வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரப்பர் குழந்தையைத் தவிர வேறெதையும் தொடாத பெண், முதன்முதலாக உயிருள்ள ஒன்றைத் தொட்டிருந்தாள். வார்டில் பிளாஸ்டிக் சத்தம் மட்டும் கேட்டது.

“தலை மேல இருக்கு மேடம். குழந்தை திரும்பல” என்றாள்.

“பொண்ணு புதுசு மேடம், பயத்துல ஒளறுது” என்று தாளாளர் குறுக்கே வந்தார். அந்த அம்மா தானே கை வைத்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்றார். “இப்படின்னா ஆபரேஷன் தேவைப்படலாம். தியேட்டர் எங்க இருக்கு?” என்று கேட்டார்.

வார்டுக்கு எதிரே இருந்த தியேட்டருக்குப் பெரிய பூட்டு போட்டிருந்தது. உள்ளே சிமெண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தது மாணவிகள் எல்லோருக்கும் தெரியும். “சாவி எடுத்துக்கினு ஆளு ஊத்துக்கோட்டைக்குப் போய்க்கிறான் மேடம். அதுக்குள்ள சாப்ட்டுடலாம், ஆறிடப் போவுது” என்றார் தாளாளர். அந்த அம்மா பூட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கூட வந்தவரைப் பார்த்தார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அன்றைக்கென்று சென்னையிலிருந்து வரவழைத்திருந்த டாக்டரம்மாவும் பின்னாலேயே போனார். திரும்பி யாரும் வரவில்லை. அங்கீகாரம் வந்தது.

அன்று சோதனைக்கு வந்தவர்களின் கார் கிளம்பியதும் தாளாளர் தங்கையை வார்டு வாசல் வராந்தாவில் நிறுத்தினார். “சொந்த அக்காதான? நல்லாக்கீதுன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ? பேஜாரு பண்ணிட்டியே!”

“தலை மேலதான் சார் இருக்குது.”

“இருந்துட்டுப் போவுது. அவங்க போற வரைக்கும் கீழ இருக்குதுன்னு சொல்லக் கூடாதா?”

உள்ளே இருந்தது என் பிள்ளை. அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைக்கூட ஒரு இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தகுந்தபடி மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தவர் அவர். கட்டிலை விட்டு இறங்கி, பிரியாணிப் பொட்டலத்தை அதன் மேலேயே வைத்துவிட்டு நடந்தேன். தங்கை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாகத் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஸ்கேன் எடுத்துவிட்டு, வலி எடுக்கும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே வந்தது நல்லது என்றார்கள். ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது.

தங்கைக்குப் பரீட்சை ஹால் டிக்கெட்டைத் தராமல் இழுத்தடித்தார் தாளாளர். எங்கள் அப்பா அவர் அறை வாசலில் போய் நின்ற பிறகே கொடுத்தார். மறு வருடம் பட்டமளிப்பு விழா. அதே மனிதர் மைக்கைப் பிடித்து, “ஒரு மாணவி கையால தொட்டே சொன்னா, தலை மேல இருக்குதுன்னு! அதான் நம்ம காலேஜ் பயிற்சி!” என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தங்கை கைதட்டவில்லை. அவர் மருமகளுக்கு வலி கண்டபோது கார் சொந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிச் சென்னைக்குப் பறந்ததை ஊரே பார்த்தது. தன் சரக்கின் தரம் அவருக்கும் சரியாகத் தெரிந்திருக்கிறது.

இன்று கல்லூரி இல்லை. கட்டடத்தில் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். தங்கை ஒரு அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் இருக்கிறாள். அங்கே மெத்தைகளில் கறை போவதே இல்லையாம், அவ்வளவு பிள்ளைகள் பிறந்துகொண்டே இருக்கின்றன என்பாள்.

போன மாதம் மகளுடன் ஊத்துக்கோட்டையில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். சுவரோரம் இரும்புக் கட்டில்களும் அவற்றின் மேல் மெத்தைகளும் அடுக்கியிருந்தன. உறை மஞ்சளாகப் பழுத்திருந்ததே தவிர பிரிக்கவில்லை. “காலேஜ் ஆஸ்பத்திரி ஐட்டம்கா. ஒரு பேஷண்டு கூட படுத்தது இல்ல” என்றான் கடைக்காரன். விரலால் அழுத்திப் பார்த்தேன். அதே சரசரப்பு. அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் கேட்ட ஒரே உண்மை கடைக்காரன் சொன்னதுதான்.

“எனக்குத் தெரியும்பா” என்றேன்.